மேடையிலிருந்து இறங்கிய அடுப்பு: தருமபுரியில் ஒரு நேரடிச் சமையல் விளக்கம்

பின்னணி

தருமபுரி, நீலகிரி ஆகிய இரண்டு மாவட்டங்களின் ரேஷன் கடைகளில் 2023 மே மாதம் ஒரு திட்டம் தொடங்கியது. அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுத்தார்கள். ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்த வருடம் அது. தருமபுரிக்குக் கேழ்வரகு புதுச் சரக்கு இல்லை. பென்னாகரம், பாலக்கோடு பக்கம் களியும் கூழும் தின்று வளர்ந்தவர்கள் இன்றைக்கும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கன்னடம் பேசுகிற வீடுகளில் அதுவே முத்தே, தெலுங்கு பேசுகிற வீடுகளில் சங்கடி.

சிக்கல் அவர்களுடைய பிள்ளைகளிடத்தில்தான். மகளிர் குழுக் கூட்டங்களில் நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்ட பேச்சு இது: "கேவுரு வாங்கி மெஷின்ல குடுத்து அரைச்சு வெச்சிருக்கேன். களி மட்டும் வர மாட்டேங்குது. கட்டி கட்டியா நிக்குது." இப்படிச் சொன்ன பெண்களில் பலர் களி தின்னும் வீட்டில் பிறந்தவர்கள். அம்மா கிண்டும்போது பக்கத்தில் உட்கார நேரம் இல்லாமல் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போனவர்கள். செல்போனில் வீடியோ பார்த்துச் செய்து பார்த்ததாகவும், வீடியோவில் வருகிற களி தன் குண்டானில் வரவில்லை என்றும் ஒருவர் சொன்னார்.

இதை வைத்துத்தான் நாங்கள் நடத்திய உணவுத் திருவிழாவில் நேரடிச் சமையல் விளக்கம் ஒன்றைச் சேர்த்தோம். விதைக் கண்காட்சி, விற்பனைக் கடைகள், பிள்ளைகளுக்குப் போட்டிகள் என்று திருவிழாவில் வேறு பலவும் இருந்தன. இங்கே எழுதுவது சமையல் விளக்கத்தைப் பற்றி மட்டும். முதல் நாள் அது படுத்துவிட்டது. இரண்டாம் நாள் நிமிர்ந்தது. நடுவில் ஓர் இரவு இருந்தது.

திட்டமிட்டது

ஆடி மாதத்து ஒரு சனி, ஞாயிறு. பதினெட்டாம் பெருக்குக்கு ஊரே ஒகேனக்கல் பக்கம் போய்விடும் என்பதால் அந்த வாரத்தைத் தவிர்த்திருந்தோம். இடம் ஓர் அரசுப் பள்ளியின் மைதானம்.

சமைக்க ஒப்புக்கொண்டவர்கள் இரண்டு பேர். களிக்குப் பென்னாகரம் பக்கத்து அம்மா ஒருவர், அறுபதைத் தாண்டியவர். சாமைச் சோற்றுக்குச் சித்தேரி மலையிலிருந்து ஓர் அக்கா. இருவருக்கும் மேடை புதிது. களி கிண்டும் அம்மாவுடன் அவர் மருமகளும் வந்திருந்தார், சும்மா துணைக்கு.

நான்கு அடி உயர மேடை போடச் சொன்னோம். அதன் மேல் நீள மேஜை, மேஜையைச் சுற்றி மடிப்பு வைத்துத் தைத்த அலங்காரத் துணி, மேஜை மேல் இரட்டை அடுப்பு, மேஜைக்கு அடியில் 19 கிலோ வணிக சிலிண்டர். எதிரே வரிசையாக நாற்காலி. தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி எப்படி இருக்குமோ அப்படி. யாரும் அதைப் பார்த்துச் செய்வோம் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லோர் மனதிலும் அந்தப் படம்தான் இருந்தது.

வீட்டு உபயோக சிலிண்டரை இந்த மாதிரி நிகழ்ச்சிகளில் பயன்படுத்தக் கூடாது என்பது தெரிந்திருந்தது. அதனால் வணிக சிலிண்டர் வாங்கினோம். பாதுகாப்பில் அன்றைக்கு நாங்கள் சரியாகச் செய்த ஒரே காரியம் அநேகமாக அதுதான்.

சனிக்கிழமை: கவனித்தது

காலை பதினொரு மணிக்குத் தொடங்கினோம். தொடங்கும்போது ஏறக்குறைய இருநூறு பேர். முடியும்போது அறுபது பேர் இருந்தால் அதிகம். ஒரு தன்னார்வலரைக் கையால் எண்ணச் சொல்லியிருந்ததால் இந்தக் கணக்காவது கிடைத்தது.

முதலில் காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லிக்கொண்டே வளர்ந்தவர்கள், ஆடியில் திறந்த மைதானத்தில் நான்கு அடி உயரத்தில் அடுப்பு வைத்தோம். சுடர் பக்கவாட்டில் படுத்தது. இரண்டு முறை அணைந்தே போனது. வீட்டில் பத்து நிமிடத்தில் கொதிக்கும் தண்ணீர் இருபத்தைந்து நிமிடம் ஆகியும் கொதிக்கவில்லை. அந்த நேரத்தை நிரப்ப, தொகுத்து வழங்கிய தம்பி கேழ்வரகின் சத்துகளைப் பற்றிப் பேசினார். பேச்சு தீர்ந்ததும் சினிமாப் பாட்டுப் போட்டார்கள். பாட்டு தொடங்கியதும் ஜனம் எழுந்து கடைப் பக்கம் போனது. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இரண்டாவது, பார்வை. இதை நான் பின்வரிசை நாற்காலி ஒன்றில் போய் உட்கார்ந்த பிறகுதான் உணர்ந்தேன். மேடை நான்கு அடி. மேஜை இரண்டரை அடி. அதன் மேல் அடுப்பும் குண்டானும் சேர்ந்து இன்னும் ஓர் அடிக்கு மேல். குண்டானின் வாய் தரையிலிருந்து எட்டு அடியை நெருங்கிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண்ணோ நான்கு அடி உயரத்தில். உள்ளே என்ன நடக்கிறது என்பதை முதல் வரிசையில் இருந்தவர்கள்கூடப் பார்க்க முடியாது. அவர்கள் பார்த்தது ஒரு அலுமினியக் குண்டானின் வயிற்றையும், அதன் பின்னால் வியர்த்துப் போன ஓர் அம்மாவின் முகத்தையும்தான். மேடை உயர்ந்தால் நன்றாகத் தெரியும் என்பது பேச்சுக்கும் கூத்துக்கும் பொருந்தும். பாத்திரத்துக்குள் நடப்பதை மேலிருந்துதான் பார்க்க வேண்டும். இவ்வளவு சின்னக் கணக்கை யாரும் போடவில்லை.

மூன்றாவது, மேஜை ஆடியது. களி கிண்டுவது தோசை சுடுவது மாதிரி வேலை இல்லை. மாவு வெந்ததும் இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்து, உடம்பின் பாரத்தைப் போட்டுக் கிண்ட வேண்டும். வீட்டில் குண்டானைத் தரையில் இறக்கி, பிரிமணையில் (வைக்கோல் வளையம்) வைத்து, கவைக்கட்டையால் (கவட்டையான கட்டை) குண்டானின் காதை அழுத்தி, கட்டையைக் காலால் மிதித்துக்கொண்டு கிண்டுவார்கள். மடக்கு மேஜை மேல் அதெல்லாம் நடக்குமா? முதல் கிண்டிலேயே மேஜை ஓர் அடி நகர்ந்தது. இரண்டு பையன்கள் ஓடிப்போய் மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டார்கள். அம்மா மைக் இருப்பதை மறந்து, "தம்பி, இதை எறக்கிக் கீழ வெச்சுக் குடுங்க சாமி, இல்லன்னா நான் ஊட்டுக்குப் போறேன்" என்றார். அன்றைக்கு ஒலிபெருக்கியில் தெளிவாகக் கேட்ட ஒரே வாக்கியம் அது. மற்றபடி, தொகுப்பாளர் கேட்ட கேள்விக்கெல்லாம் அவர் "ஆமாங்க", "அவ்ளோதாங்க" என்று மட்டும் சொன்னார். முகத்துக்கு நேரே மைக்கை நீட்டினால் யாருக்குத்தான் பேச்சு வரும்.

நான்காவதுதான் ஆபத்தானது. கூட்டத்திலிருந்து ஒருவர் மேடைக்குப் பக்கவாட்டில் வந்து என்னை அழைத்தார். தீயணைப்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "சார், அந்தத் துணியைத் தூக்கிப் பாருங்க" என்றார். மேஜையைச் சுற்றிய அலங்காரத் துணிக்கு உள்ளே சிலிண்டர். மேலே காற்றில் படுத்து ஆடும் சுடர், அதற்கு ஒரு சாண் தள்ளித் துணியின் விளிம்பு. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் மேலே போகாமல் கீழே தங்கும், துணி மறைப்புக்குள் தொட்டியில் தண்ணீர் நிற்பது போல நிற்கும் என்று விளக்கினார். அடுப்பு அணைந்து அணைந்து எரிந்ததை அவர் கவனித்திருந்தார். ஒவ்வொரு முறை அணைந்தபோதும் குமிழ் திறந்தபடிதான் இருந்தது. உடனே ரெகுலேட்டரை மூடினோம், துணியைக் கிழித்தெடுத்தோம். நிகழ்ச்சி பாதியில் நின்றது. ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம்.

கடைசியாக, ருசி பார்க்கக் கொடுத்தது. எப்படியோ கிண்டி முடித்த களி நூறு உருண்டைகூட வராது. எஞ்சியிருந்தவர்களோடு கடைப் பக்கமிருந்து வந்தவர்களும் சேர்ந்து மேடையை நோக்கி நகர்ந்தார்கள். சூடான குண்டான் மேடையில் இருக்கும்போதே பிள்ளைகள் ஏறிவிட்டார்கள். பத்து நிமிடம் கத்திக் கத்தித்தான் ஒழுங்குபடுத்தினோம்.

மாலை நான்கு மணிக்கு வைத்திருந்த சாமைச் சோற்று விளக்கத்தை ரத்து செய்தோம். சித்தேரி அக்கா ஒன்றும் சொல்லவில்லை. கொண்டுவந்த சாமையைத் திரும்பக் கட்டி வைத்தார்.

சனி இரவு: முடிவுகளும் காரணங்களும்

எட்டு மணிக்கு மைதானத்திலேயே உட்கார்ந்தோம். சமைக்க வந்த இரண்டு பெண்களையும் மருமகளையும் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரரையும் இருக்கச் சொல்லி வேண்டிக்கொண்டோம். திட்டமிடும்போது இந்த நால்வரில் ஒருவர்கூட எங்களுடன் இல்லை.

முதலில் வந்த யோசனை, பெரிய எல்.இ.டி. திரை வாடகைக்கு எடுத்து, குண்டானுக்கு நேர் மேலே கேமரா தொங்கவிடுவது. செலவு ஒருபுறம், வெயிலில் திரை மங்கும், ஆவி ஏறிக் கேமராக் கண்ணாடி மூடிக்கொள்ளும். மேலும், வீடியோ பார்த்துச் செய்து வராமல் போனவர்களுக்கு மறுபடியும் வீடியோ காட்டுவதற்காகவா இத்தனை பாடு? அதை விட்டுவிட்டோம்.

இரண்டாவது யோசனை இண்டக்‌ஷன் அடுப்பு. காற்றுக்கு அணையாது, துணியில் பற்றாது. ஆனால் அலுமினியக் குண்டானும் மண்சட்டியும் அதில் வேலை செய்யாது, இரும்புத் தன்மை உள்ள தட்டையான அடிப்பாத்திரம் வேண்டும். களி கிண்டும் வீடுகளில் இருப்பதோ உருண்டை அடி அலுமினியக் குண்டான். வீட்டில் இல்லாத பாத்திரத்தில் செய்து காட்டினால், பார்த்தவர் வீட்டுக்குப் போய் எதில் செய்வார்?

அதன் பிறகு அந்த அம்மா கேட்டார்: "அந்தப் படிக்கட்டு எதுக்குக் கட்டியிருக்காங்க?"

மைதானத்தின் மேற்கு ஓரத்தில் விளையாட்டு பார்க்க ஏழெட்டுப் படி கட்டியிருந்தார்கள். அதன் பின்னால் ஆள் உயரச் சுவர், சுவருக்கு அப்பால் வரிசையாகப் புங்க மரங்கள். இரண்டு மாதமாக அந்த மைதானத்துக்குப் போய் வருகிறோம், அந்தப் படிகளில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறோம். மேடை போடும் யோசனை ஓடிய தலையில் படிக்கட்டு ஏறவில்லை.

ஜனம் படியில் உட்கார்ந்தால், அடுப்பு கீழே தரையில் இருந்தால், எல்லோரும் குண்டானுக்குள் குனிந்து பார்ப்பது போல ஆகும். ஆடிக்காற்று மேற்கிலிருந்து வருவது, சுவரும் மரமும் அதன் வேகத்தைக் குறைக்கும். பிற்பகலில் வெயில் பார்ப்பவர்களின் முதுகுக்குப் பின்னால் விழும், மர நிழலும் படிக்கு வரும். ஆக, நேரத்தைக் காலை பதினொன்றிலிருந்து மாலை மூன்றரைக்கு மாற்றினோம்.

தரையில் எரிவாயு அடுப்பு வைக்கத் தீயணைப்பு வீரர் ஒத்துக்கொள்ளவில்லை. அடுப்பு எப்போதும் சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும், கீழே இருந்தால் கசியும் வாயு நேராக நெருப்பைத் தேடி வரும் என்றார். அப்படியானால் களிக்கு விறகு அடுப்பு என்று முடிவானது. அம்மாவுக்கு அதுதான் கைக்கு வந்தது. மண் அடுப்பு போட்டால் காய நாள் வேண்டும், ஓர் இரவில் ஆகாது. சுட்ட செங்கல்லை மூன்று பக்கம் அடுக்கிச் சேறு பூசலாம் என்றார்கள். கருங்கல்லும் ஆற்றுக்கல்லும் சூட்டில் வெடிக்கக்கூடும் என்பதால் வேண்டாம் என்றோம். சாமைச் சோற்றுக்கு மட்டும் எரிவாயு: செங்கல் அடுக்கி மூன்று அடி உயரத்தில் அடுப்பு, மூன்று பக்கம் தகரத் தடுப்பு, சிலிண்டர் தடுப்புக்கு வெளியே, திறந்த வெளியில், குழாய் எட்டும் தூரத்தில். சாமைச் சோறு நின்றுகொண்டு சமைக்கிற பண்டம், மேல் படியில் இருப்பவர்களுக்கு மூன்று அடி உயரம் மறைக்காது. தண்ணீர் வாளி, மணல் வாளி, உலர்பொடித் தீயணைப்பான். தாளிக்கும் எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது, தட்டால் மூடி அடுப்பை அணைக்க வேண்டும் என்பதை உதவிக்கு நின்ற பையன்களிடம் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டோம். பள்ளி மைதானத்தில் விறகு எரிக்கத் தலைமையாசிரியரிடம் இரவே அனுமதி வாங்கினோம்.

நேரம் பற்றிய முடிவுதான் எனக்குப் பிடித்தது. களியில் நடக்கிற வேலையில் பாதி, காத்திருப்பது. அரிசி நொய் குழைய வேண்டும், மாவு கொட்டிய பிறகு அது தானாக வேக வேண்டும். வீட்டில் அந்த நேரத்தில் வேறு வேலை பார்ப்போம். கூட்டத்தை அப்படிக் காக்க வைக்க முடியாது. ஒரே களியை நான்கு குண்டானில், நான்கு கட்டத்தில் வைத்துக்கொள்வது என்று தீர்மானித்தோம். முதல் குண்டானில் தண்ணீர் கொதிக்க நொய் போடுவதைக் காட்டியதும், பின்னால் இருக்கும் அடுப்பிலிருந்து நொய் குழைந்த இரண்டாவது குண்டான் வரும். அதில் மாவைக் குவித்துக் கொட்டி, நடுவில் துடுப்புக் காம்பால் குழி போட்டு மூடினால், மாவு வெந்து தயாரான மூன்றாவது வரும். கிண்டுவது அதில். நான்காவது, உருட்டத் தயாரான களி. பின்னடுப்பைப் பார்த்துக்கொள்ள மட்டும் இரண்டு பேர்.

அளவு கேட்டால் அம்மா "கண்ணு மட்டம்தான்" என்றார். அன்றிரவே அவரைப் போடச் சொல்லி நாங்கள் டம்ளரால் அளந்தோம். இரண்டு டம்ளர் மாவுக்கு அரை டம்ளர் நொய், ஐந்தரை டம்ளர் தண்ணீர். அதை அட்டையில் பெரிதாக எழுதினோம்.

மைக்கை மருமகளுக்குச் சட்டையில் மாட்டுகிற மாதிரி வாங்கிக் கொடுத்தோம். கேள்வி கேட்கப்போவது அவர். அம்மா மருமகளுக்குப் பதில் சொன்னால் போதும், கூட்டத்துக்குச் சொல்ல வேண்டாம். ஜெனரேட்டரைச் சுவருக்கு அந்தப் பக்கம் தள்ளச் சொன்னோம்.

ருசி பார்க்கக் கொடுப்பதற்கும் சமைத்துக் காட்டுவதற்கும் இருந்த தொடர்பை அறுத்தோம். அதே முறையில் தனியாகச் சமைத்து, மூடிச் சூடு ஆறாமல் வைத்து, நிகழ்ச்சி முடிந்து வெளியே போகும் வழியில் இரண்டு இடங்களில் பாக்குமட்டைத் தட்டில் கொடுப்பது. படியில் வந்து உட்காரும்போதே ஆளுக்கு ஒரு சீட்டு. கடலைச் சட்னி இருப்பதால் வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் கீரைக் கடைசல் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவிப்பது.

ஞாயிற்றுக்கிழமை

விறகைப் பற்றவைத்ததும் ஒரு தப்பு தெரிந்தது. புகை மேற்கிலிருந்து கிழக்கே போனது, கூட்டத்துக்கு நல்லது. ஆனால் கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்த அம்மாவின் முகத்தில் அப்படியே அடித்தது. நாங்கள் கையைப் பிசைந்தோம். அவர் எழுந்து முக்காலியைத் தூக்கி அடுப்புக்கு வடக்குப் பக்கம் போட்டுத் தெற்கே பார்த்து உட்கார்ந்துகொண்டார். அப்புறம்தான் புரிந்தது, பக்கவாட்டில் உட்கார்ந்தால் கையும் தெரிகிறது, குண்டானும் தெரிகிறது. கூட்டத்துக்கு நேரே முகம் காட்டிச் சமைத்தால் கையைக் குண்டானே மறைத்துவிடும்.

தொடங்கும்போது சுமார் நூற்றைம்பது பேர். மருமகள் முதலில் தடுமாறினார், மாவு கொட்டும் இடத்தில் சரியாகிவிட்டார்.

"மாவு கொட்டுனதும் ஏன் அத்தை கிண்ட மாட்டேங்கறீங்க?"

"இப்பக் கிண்டுனா கட்டி கட்டும். மேல மாவு, கீழ தண்ணி. நடுவுல குழி போட்டா அது வழியா ஆவி ஏறி மாவு தன்னால வேகும். வெந்த மாவைக் கிண்டு, பச்சை மாவைக் கிண்டாத."

படியில் ஒரு சலசலப்பு. பக்கத்தில் இருந்த ஓர் இளம்பெண் தன் தோழியிடம், "நான் கொட்டுன உடனே கிண்டிட்டு இருந்திருக்கேன்டி" என்றார். இந்த ஒரு பதிலுக்காகவே அந்த இரண்டு நாளும் தகும் என்று எனக்குப் பட்டது.

வெந்ததா என்று எப்படித் தெரியும் என்றார் மருமகள். அம்மா கையைத் தண்ணீரில் நனைத்துக் களியைத் தொட்டுக் காட்டினார். ஒட்டினால் இன்னும் வேக வேண்டும், ஒட்டாவிட்டால் எடுக்கலாம். கண்ணால் பார்த்துப் புரிகிற விஷயம் இல்லை இது. முன்கூட்டியே பேசி வைத்தபடி மூன்று பேரைக் கீழே அழைத்தோம். வேகாத களியைத் தனியாக ஒரு கிண்ணத்தில் எடுத்துச் சற்று ஆறவிட்டிருந்தோம். இரண்டையும் தொட்டுப் பார்த்தார்கள். துடுப்பையும் பிடித்துப் பார்த்தார்கள். கல்லூரிப் பையன் ஒருவன் நான்கு சுற்று கிண்டிவிட்டு மூச்சு வாங்க நின்றான். படிக்கட்டு முழுக்கச் சிரிப்பு. அம்மா துடுப்பை வாங்கிக் கவைக்கட்டையை மிதித்தபடி நிறுத்தாமல் கிண்டினார், மருமகளுடன் பேசிக்கொண்டே.

ஒரு பெரியவர் எழுந்து, நொய் போட்டால் அது களியே இல்லை, வெறும் மாவில்தான் கிண்ட வேண்டும் என்றார். தொகுப்பாளர் பதறினார். அம்மாவோ, "உங்க ஊர்ல அப்படி, எங்க ஊர்ல இப்படிங்க அண்ணா. நொய் போட்டா புதுசாக் கத்துக்கறவங்களுக்குப் பிடி கெடைக்கும்" என்று முடித்துவிட்டார். பின்னாலிருந்து ஒருவர் தங்கள் வீட்டுச் சங்கடிக்கு அரிசியே முழுதாகப் போடுவார்கள் என்றார். அந்தப் பேச்சு மூன்று நிமிடம் ஓடியது. திட்டத்தில் இல்லாத மூன்று நிமிடம், ஒருவரும் எழுந்து போகவில்லை.

சாமைக்கு வரும்போது சித்தேரி அக்கா முதலில் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. சாமையை அகலச் சட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டு, சட்டியைச் சாய்த்து ஆட்டி ஆட்டிக் கல் அரித்தார். தானியம் தண்ணீரோடு அடுத்த பாத்திரத்துக்கு நகர, மண்ணும் பொடிக்கல்லும் அடியில் நின்றன. அதைக் கையில் எடுத்துப் படி வரிசையாகக் கொண்டுபோய்க் காட்டினோம். சாமை வாங்கி ஒருமுறை சமைத்துப் பல்லில் கல் கடிபட்டு நிறுத்திவிட்டவர்கள் அந்தக் கூட்டத்தில் நிறைய இருந்தார்கள் என்பது அப்போது எழுந்த பேச்சில் தெரிந்தது. நிகழ்ச்சி நிரலில் "சாமைச் சோறு, 20 நிமிடம்" என்று மட்டும்தான் எழுதியிருந்தோம். அரிப்பதற்கு நேரமே ஒதுக்கவில்லை.

சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது. சுவரைத் தாண்டி வந்த காற்று அடியில் சுழன்று தகரத் தடுப்புக்குள்ளும் புகுந்து, தீயைக் கூட்டிக் குறைத்தபடி இருந்தது. அக்கா அதை மறைக்கவில்லை. தண்ணீர் ஒன்றுக்கு இரண்டு வைத்தது சரி, மூடி திறந்து திறந்து பார்த்ததில் குழைந்தது, வீட்டில் இப்படி ஆனால் மோர் விட்டுக் கரைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

முடிவில் எண்ணியபோது நூற்று முப்பது பேர் சொச்சம் இருந்தார்கள். சீட்டு முறை களியைப் பொறுத்தவரை நன்றாகப் போனது. சீட்டு இல்லாமல் கடைசியில் வந்த முப்பது நாற்பது பேருக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை, அவர்கள் முணுமுணுத்துக்கொண்டு போனார்கள்.

அதன் பிறகு

அளவு எழுதிய தாளை வாங்கிச் சென்றவர்களில் விருப்பப்பட்டுத் தொலைபேசி எண் கொடுத்தவர்களிடம் மூன்று வாரம் கழித்துப் பேசினோம். பாதிக்கு மேற்பட்டவர்கள் களி கிண்டிப் பார்த்திருந்தார்கள். கட்டி விழவில்லை என்றவர்கள் உண்டு, அடிப்பிடித்தது என்றவர்களும் உண்டு. அடிப்பிடித்ததற்குக் காரணம் கேட்டபோது ஒன்று தெளிந்தது: விறகு அடுப்பில் அம்மா மாவு கொட்டியதும் விறகை வெளியே இழுத்துத் தணலில் விட்டிருந்தார். அதை அவர் சொல்லவில்லை, மருமகள் கேட்கவில்லை, நாங்கள் கவனிக்கவில்லை. எரிவாயு அடுப்பில் செய்தவர்கள் தீயைக் குறைக்காமல் விட்டிருக்கிறார்கள். சாமையைப் பற்றிப் பேசியவர்கள் எல்லோருமே கல் அரித்ததைத்தான் சொன்னார்கள்.

மாற்ற வேண்டியவை

விறகு அடுப்பில் காட்டினாலும், வீட்டு எரிவாயு அடுப்பில் எந்த இடத்தில் தீயைக் குறைப்பது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பக்கத்தில் ஓர் அடுப்பை உயரத்தில் வைத்துச் சுடரின் அளவைக் காட்டினால் இன்னும் நல்லது.

சமைப்பவர்களை இடம் பார்க்கும் நாளிலேயே அழைத்துப் போக வேண்டும், நிகழ்ச்சி நடக்கப்போகிற அதே நேரத்தில். காலையில் பார்த்த காற்றும் வெயிலும் மாலையில் வேறு. கடைசி வரிசையில் உட்கார்ந்து, குண்டான் இருக்கப்போகும் இடத்தில் ஒரு வாளியை வைத்து, அடியில் கிடக்கும் கல்லை எண்ண முடிகிறதா என்று பார்த்தால் போதும். இரண்டாம் நாள் காலையில் அப்படித்தான் பார்த்தோம்.

தீயணைப்பு வீரர் தற்செயலாக வந்தார். அடுத்த முறை நிலையத்துக்கு முன்கூட்டியே எழுதி ஆள் கேட்க வேண்டும். தீக்காயத்துக்குக் குளிர்ந்த குழாய்த் தண்ணீர் பக்கத்தில் இருக்க வேண்டும். எங்களிடம் இருந்தது குடிதண்ணீர் கேன் மட்டும்.

இன்னொன்று, எழுதக் கூச்சமாக இருக்கிறது. சமைத்தவர்களுக்குப் பொன்னாடை போர்த்தினோம், பேருந்துச் செலவு கொடுத்தோம். பந்தல்காரருக்கும் மைக்செட்காரருக்கும் பேசிய வாடகையைக் கொடுத்தோம். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பும்போது சித்தேரி அக்கா, இரண்டு நாள் கூலி போனதைச் சாதாரணமாகச் சொன்னார், குறையாக அல்ல. அந்தத் தொகையையும் அதற்கு மேலும் அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுத்தோம். இப்போது வரவு செலவுத் திட்டத்தில் சமைப்பவர் ஊதியம் என்பது முதல் வரி. பந்தல் அதற்குக் கீழே.

செங்கல் அடுப்பு சரிவரவில்லை. ஈரச் சேறு சூட்டில் விரிசல் விட்டு, களி முடிவதற்குள் ஒரு பக்கம் இளகிவிட்டது. அம்மா அதைப் பார்த்துவிட்டுச் சொல்லிப் போயிருக்கிறார்: "அடுத்த வருசம் பத்து நாள் முன்னால செம்மண்ணு மட்டும் கொண்டாந்து கொட்டி வைங்க. அடுப்பு நான் வந்து போட்டுக்கறேன்."